புதுப்பிப்பு: ஃப்ரோசன் பீட்சாவைக் கம்பித்தட்டில் நேரடியாக வைத்துப் பார்த்தேன்

ஃப்ரோசன் பீட்சாவை ஓடிஜி என்கிற சிறிய மின்சார ஓவனில் ட்ரேயோடு வைப்பதா, கம்பித்தட்டிலேயே வைப்பதா என்று போன வாரம் கேட்டிருந்தேன். ட்ரேயில் சீஸ் சிவந்தும் அடிப்பாகம் சொதசொதவென்று இருந்ததுதான் என் குறை. சிலர் கம்பி என்றீர்கள், சிலர் சீஸ் வடியும் என்றீர்கள். இரண்டுமே நடந்தது.

நேற்று காரைக்குடியில் அப்பத்தா வீட்டில் இரண்டு பீட்சா. ஓடிஜியை 220 டிகிரியில் 15 நிமிடம் சூடாக்கி, முதலாவதை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கம்பியில் வைத்தேன். 12 நிமிடத்தில் அடி மொறுமொறுவென்று வந்தது. ட்ரே இருந்தால் முதலில் அது சூடேற வேண்டும், உருகும் பனியின் ஈரமும் அடியிலேயே தங்கிவிடும். கம்பியில் சூடு நேராகப் படுகிறது, ஆவியும் வெளியேறுகிறது. "பணியாரத்துக்குக் கல்லு காயணும்னு சொல்வேன்ல, அதே கதைதான்" என்றார் அப்பத்தா.

அதற்குள் விருந்தாளிகள் வந்துவிட, இரண்டாவது முக்கால் மணி நேரம் மேசையிலேயே இருந்து இளகிவிட்டது. கம்பிகளுக்கு நடுவே தொய்ந்து, சீஸ் கீழே சூடேறும் கம்பிச்சுருளில் விழுந்து ஒரே புகை. பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டுத்தான் துடைத்தேன்.

ஆகவே கல்லாக உறைந்திருந்தால் மட்டும் கம்பி. இளகிவிட்டால் ட்ரேதான், அதையும் முன்பே ஓவனுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சிந்துவதைப் பிடிக்க அடியில் உள்ள துகள் தட்டு போதும், சுருள் மேல் ஃபாயில் விரிக்காதீர்கள். அப்புறம், பச்சை மாவில் செய்து உறையவைத்த வகையும் உண்டு. அதற்கு பாக்கெட்டில் போட்டிருப்பதைப் பாருங்கள்.