ஷிஃப்ட் டெலிட் அடித்த ஃபோல்டர்: பேக்கப்பே இல்லை, இனி கிடைக்குமா?

குழித்துறைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அவசரம், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். என் தாய்மாமா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். நம்ம குமரி ஜில்லாவில் மட்டும் புழங்குகிற சொற்களை எல்லாம் கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதுவார், நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் உட்கார்ந்து வேர்டில் அடிப்பேன். அக்கானி, மரச்சீனி, கொல்லாம்பழம், ஓர்மை, இப்படி ஒரு எழுத்துக்கு ஒரு ஃபைல் என்று இரண்டு வருஷ வேலை. நேற்று ராத்திரி டி டிரைவ் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியது. பழைய கல்யாண வீடியோக்களை அழிக்கப் போனவன், தூக்கக் கலக்கத்தில் பக்கத்து ஃபோல்டரையும் சேர்த்துப் பிடித்து, ரீசைக்கிள் பின்னுக்கே போகாமல் நேரே அழிக்கிற ஷிஃப்ட் டெலிட் அடித்துவிட்டேன். ரீசைக்கிள் பின்னில் ஒன்றும் இல்லை. விண்டோஸே தானாகக் காப்பி எடுத்துவைக்கிற ஃபைல் ஹிஸ்டரியை ஆன் செய்ததே கிடையாது. ரைட் கிளிக் செய்து முந்தைய பதிப்புகள் போய்ப் பார்த்தால் அதுவும் காலி.

நோட்டு இருக்குமே என்று கேட்பீர்கள். அடித்து முடித்த நோட்டை எல்லாம் மாமி பழைய பேப்பர்காரனுக்கு எடைக்குப் போட்டாச்சு. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

வடசேரி சர்வீஸ்:

முதலில் அந்த கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணுங்க. மீதி எல்லாம் அப்புறம். டி டிரைவ் எதில் இருக்கிறது, தட்டு சுழல்கிற பழைய ஹார்டு டிஸ்க்கா, சுழல்கிற தட்டே இல்லாத எஸ்எஸ்டியா? அழித்த பிறகு அந்த டிரைவில் புதிதாக ஏதாவது காப்பி செய்தீர்களா, டவுன்லோடு செய்தீர்களா? இதற்கு மட்டும் பதில் போடுங்க.

பறக்கை பாண்டி:

இதுக்குத்தான் பேக்கப் எடுக்கணும்னு சொல்றது.

வடசேரி சர்வீஸ்:

வெள்ளம் வந்தவன் வீட்டில் போய் நீச்சல் கற்றுக்கொடுக்காதீங்க அண்ணாச்சி.

குழித்துறைக்காரன்:

ஆஃப் பண்ணிவிட்டேன், போனில் இருந்து எழுதுகிறேன். போன வருஷம் கடையில் கொடுத்து விண்டோஸுக்கு மட்டும் சின்ன எஸ்எஸ்டி போட்டேன், அதுதான் சி. டி இருப்பது பழைய 1 டிபி ஹார்டு டிஸ்க். அழித்த பிறகு ஒரு ரெகவரி சாஃப்ட்வேர் இறக்கி சி-யில் இன்ஸ்டால் செய்தேன். இலவசம் என்று போட்டிருந்தான். ஃபைல் பெயர்களை எல்லாம் அழகாகக் காட்டிவிட்டு, ‘மீட்க’ என்பதை அமுக்கினால் காசு கேட்கிறான். டி-யில் எதுவும் எழுதவில்லை.

வடசேரி சர்வீஸ்:

சரி, பாதி பயம் போச்சு. உங்கள் நல்ல நேரம், ஃபைல்கள் ஹார்டு டிஸ்க்கில் இருந்திருக்கின்றன.

டெலிட் அடித்தால் விண்டோஸ் ஃபைலை அழிப்பதில்லை. எந்த ஃபைல் எங்கே கிடக்கிறது என்று எழுதிவைக்கிற பதிவேட்டில் ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். சந்தையில் கடைக்காரர் இடத்தைக் காலி செய்ததாகக் குத்தகைக்காரர் ஏட்டில் எழுதியாச்சு, ஆனால் சரக்கு இன்னும் அங்கேயே கிடக்கிறது என்று வையுங்கள், அடுத்த ஆள் வந்து கடை போடும்வரை பயமில்லை. அதனால்தான் ஆஃப் பண்ணச் சொன்னேன். எஸ்எஸ்டியில் கதை வேறு. டெலிட் ஆனதும் விண்டோஸ் ‘டிரிம்’ என்று ஒரு கட்டளை அனுப்பும், அந்த இடம் வேண்டாம் என்று எஸ்எஸ்டி தானே துடைத்துவிடும். டிரிம் ஓடின இடத்தில் எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பெரும்பாலும் சைபர்தான் வரும். ஃபோல்டர் சி-யில் இருந்திருந்தால் மாமாவிடம் நேரே போய்ச் சொல்லிவிடுங்கள் என்றிருப்பேன்.

முந்தைய பதிப்புகள் காலியாக இருந்தது ஏன் என்றால், அந்தப் பழைய பதிப்புகளைச் சேர்த்துவைக்கிற சிஸ்டம் ப்ரொடெக்ஷன் பொதுவாக விண்டோஸ் இருக்கும் டிரைவுக்கு மட்டும்தான் ஆன் ஆகியிருக்கும், டி-க்கு நாமாகப் போய் ஆன் செய்ய வேண்டும். யாரும் செய்வதில்லை, நானும் செய்ததில்லை.

இனி செய்ய வேண்டியது. முடிந்தால் அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் சாட்டா கேபிளில் (டிஸ்க்கை இணைக்கிற கேபிள்) மாட்டுங்கள், முடியாவிட்டால் இதிலேயே செய்யலாம். காசு கேட்கிறவனை விட்டுவிட்டு ரெக்குவா போடுங்கள், இன்ஸ்டால் பண்ணத் தேவையில்லாத போர்ட்டபிள் பதிப்பு இருக்கிறது, அதைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டலாம். பச்சைப் புள்ளி காட்டுகிற ஃபைலுக்கு வாய்ப்பு அதிகம், சிவப்பு என்றால் வேறு ஏதோ மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. மீட்டதை மறந்தும் டி-யிலேயே சேமிக்காதீர்கள். ஒரு ஃபைலை வெளியே எடுத்து இன்னொன்றின் தலையில் வைத்த கதையாகிவிடும்.

அதில் கிடைக்காவிட்டால் ஃபோட்டோரெக். பெயரைப் பார்த்துப் படம் மட்டும்தான் எடுக்கும் என்று நினைக்காதீர்கள், வேர்டு ஃபைலும் எடுக்கும், முழுக்க இலவசம். பதிவேட்டையே பார்க்காமல் டிஸ்க்கை முதலில் இருந்து கடைசிவரை படித்து, ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் தொடக்கத்தில் இருக்கிற அடையாளத்தை வைத்துப் பொறுக்கும். வேர்டு ஃபைல் வகையை மட்டும் (.doc என்றால் doc, .docx என்றால் zip) டிக் செய்து, காலி இடத்தில் மட்டும் தேடு என்று கொடுங்கள். 1 டிபிக்குப் பல மணி நேரம் ஆகும், இடையில் கரண்டு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு குறை, பழைய பெயர் எதுவும் வராது. எல்லாம் நம்பர் நம்பராக, ஃபோல்டருக்கு 500 என்று கொட்டி வைக்கும்.

தக்கலை டிடிபி:

வடசேரி அண்ணாச்சி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். மாமாவின் ஃபைலை எந்த ஃபான்ட்டில் அடித்தீர்கள்? போனிலும் இணையத்திலும் வருகிற யூனிகோடா, பழைய பாமினியா? நம் ஊரில் பாதிப் பேர் இன்னமும் பாமினிதானே. ஏன் கேட்கிறேன் என்றால், நம்பர் போட்ட ஆயிரக்கணக்கான ஃபைலில் நம்முடையதைத் தேடும்போது ‘மரம்’ என்று யூனிகோடில் அடித்துத் தேடினால் ஒன்றும் வராது. பாமினி ஃபைலுக்குள்ளே தமிழே கிடையாது. ‘மரம்’ இருக்கும் இடத்தில் கே, யூ, கே, அரைப்புள்ளி என்றுதான் கிடக்கும், ஃபான்ட் மேலே சட்டை போட்டுத் தமிழாகக் காட்டுகிறது. வேறு ஏதாவது பழைய பாமினி ஃபைல் இருந்தால் அதிலிருந்து ஒரு சொல்லைக் காப்பி செய்து தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், உள்ளடக்கத்தையும் சேர்த்துத் தேடு என்பதை ஆன் செய்ய மறக்காதீர்கள். கோயில் கொடை நோட்டீஸ் ஃபைல் ஒன்று போய், இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்த்தவன் நான்.

வேளிமலை:

டிஸ்க்கைத் தொடுவதற்கு முன் வெளியே தேடுங்கள். மாமாவுக்கு வாட்ஸ்அப்பில் எப்போதாவது ஃபைல் அனுப்பினீர்களா? பிரிண்ட் எடுத்த கடைக்கு மெயில் போட்டிருந்தால் அனுப்பியவற்றில் இருக்கும். பிரிண்ட் எடுக்கக் கொண்டு போன பென் டிரைவ் எங்கே? கடைக்காரரின் டெஸ்க்டாப்பில்கூட ஒரு காப்பி கிடக்கலாம், அவர்கள் எதையும் லேசில் அழிக்க மாட்டார்கள்.

இன்னொன்று, டிஸ்க்கில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் ரெக்குவாவும் வேண்டாம் ஃபோட்டோரெக்கும் வேண்டாம், அப்படியே நிறுத்திவிடுங்கள். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு கரண்டு வந்து வந்து போனதில் எங்கள் வீட்டு டிஸ்க் அப்படித்தான் சத்தம் போட்டது. நான் அதை வைத்துக்கொண்டு மூன்று நாள் ஸ்கேன் ஓட்டினேன், நான்காம் நாள் கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. திருவனந்தபுரம்வரை தூக்கிக்கொண்டு போனேன், முதல் நாளே வந்திருக்கக் கூடாதா என்று திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

குழித்துறைக்காரன்:

சத்தம் எதுவும் இல்லை. பாமினிதான். வாட்ஸ்அப்பில் ‘அ’, ‘க’ இரண்டும் மாமாவுக்கு எப்போதோ அனுப்பியது இருக்கிறது! மற்றதற்குத் தங்கச்சி வீட்டு லேப்டாப்பில் டிஸ்க்கை மாட்டிப் பார்க்கிறேன்.

குழித்துறைக்காரன் (இரண்டு நாள் கழித்து):

வந்தது மக்கா! ரெக்குவாவில் பதினொன்றில் ஏழு பெயரோடு முழுசாகக் கிடைத்தது, வாட்ஸ்அப்பில் இருந்த இரண்டும் அதில் சேர்த்தி. மிச்சம் நான்குக்கு ஃபோட்டோரெக்கை ராத்திரி ஓட்டிவிட்டுப் படுத்தேன், காலையில் மூவாயிரத்துச் சொச்சம் ஃபைல். தக்கலை அண்ணன் சொன்ன மாதிரி பாமினிச் சொல்லை ஒட்டித் தேடினால் ஒரே ‘ம’ ஃபைல் பத்துப் பதினைந்து தடவை வருகிறது, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம். இது எப்படி?

வடசேரி சர்வீஸ்:

வேர்டு சேவ் பண்ணும்போது பழைய ஃபைலின் மேலேயே எழுதாது. புதிதாக ஒரு தற்காலிக ஃபைல் எழுதி, பழையதை அழித்துவிட்டு, புதியதற்கு அந்தப் பெயரை வைக்கும். நீங்கள் ஞாயிறுதோறும் சேவ் பண்ணின ஒவ்வொன்றும் டிஸ்க்கில் எங்காவது ஒரு மூலையில் கிடக்கலாம். இருப்பதில் பெரிய ஃபைலை எடுத்துப் பாருங்கள்.

குழித்துறைக்காரன்:

பார்த்தேன். மூன்று எழுத்து முழுசாக இருக்கிறது. ‘ம’ மட்டும் ‘மரச்சீனி’யோடு நிற்கிறது, அதற்குப் பிறகு அடித்த நாற்பது சொல்லாவது இருக்கும், அது எதிலும் இல்லை. இன்று சாயங்காலம் மாமாவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மாமியைக் கூப்பிட்டு, இனி இந்த வீட்டில் இருந்து ஒரு துண்டுப் பேப்பர் வெளியே போகக் கூடாது என்றார். மாமி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வருகிற ஞாயிற்றுக்கிழமை மரச்சீனிக்கு அடுத்த சொல்லில் இருந்து அடிக்க வேண்டும், யூனிகோடில்.

தக்கலை டிடிபி:

மீட்ட பாமினி ஃபைலையும் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றியதை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடத்தில் இடம் மாறி நிற்கும்.