மறுமொழி: வானிட்டாஸ் ஓவியத்துக்குத் தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'வானிட்டாஸ்' வரும் இடத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன்.

பிந்தி வந்தவர்களுக்காக: 17ஆம் நூற்றாண்டு ஹாலந்தில், குறிப்பாக லைடன் நகரில், தழைத்த ஸ்டில் லைஃப் (மேசைமேல் வைத்த அசையாப் பொருள்களை வரையும்) ஓவிய வகை இது. பீட்டர் கிளாஸ் 1630இல் வரைந்த படத்தில் மண்டையோடும் கவிழ்ந்த கோப்பையும் கடிகாரமும் ஒரே மேசையில் கிடக்கும். பெயர் லத்தீன் விவிலியத்தின் பிரசங்கி நூலிலிருந்து வந்தது. அந்த இடத்தில், பழைய தமிழ் வேதாகமத்தில் பிரசங்கி 'மாயை, மாயை, எல்லாம் மாயை' என்பார். பின்னர் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அது 'வீண்' ஆனது. எபிரேய மூலமோ மூச்சு, நீராவி என்று பொருள்படும் சொல்.

> மாய்தல் என்றால் அழிதல். மாயை அதில் பிறந்த தனித்தமிழ்ச் சொல். தயங்காமல் வையுங்கள்.

ஐயா, மாயோன், மாமை வரை நீங்கள் எழுதிய மூன்று மடல்களையும் படித்தேன். வேர் எதுவாகவும் இருக்கட்டும், மாயை என்றதும் மாணவர் காதில் விழுவது வேதாந்தம். இந்த ஓவியர்கள் உலகத்தைப் பொய்த்தோற்றம் என்று சொல்லவில்லை. கோப்பையில் விழும் சன்னல் வெளிச்சத்தைக்கூட விடாமல், தொட்டுப் பார்க்கலாம் போல வரைந்தார்கள். பொருள் மெய்தான், கூட வராது, அவ்வளவே.

> காஞ்சி ஓவியம். 'நில்லா உலகம் புல்லிய நெறித்தே' என்று தொல்காப்பியம் நிலையாமைக்குக் காஞ்சி என்று ஒரு திணையே வகுத்திருக்கிறதே!

அம்மா, இதைப் படித்து மகிழ்ந்துபோனேன். ஆனால் காஞ்சி ஓவியம் என்றால் எல்லாரும் கைலாசநாதர் கோயில் சுவரைத்தான் நினைப்பார்கள். போதாததற்குப் புறப்பொருள் வெண்பாமாலை என்ற பிற்கால இலக்கண நூலில் காஞ்சி என்பது படையெடுத்து வந்தவரை எதிரூன்றும் போர்.

சாவுக்கூத்து பற்றிய கிளைப்பேச்சைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம். அது எலும்புக்கூடுகள் ஆடும் வேறு ஓவிய மரபுக்கான சொல். நம் ஊரில் அந்தப் பெயருக்கு ஏற்கெனவே வேறு பொருள் உண்டு.

மிஞ்சியது 'நிலையாமை ஓவியம்'. குறளில் அதிகாரப் பெயர், விளக்கவே வேண்டாம். யாக்கோப் தெ கெய்ன் 1603இல் மண்டையோட்டுக்கு மேலே ஒரு பெரிய குமிழியை மிதக்கவிட்டார். அதே நூற்றாண்டில்தான் குமரகுருபரர் 'நீரில் குமிழி இளமை' என்று பாடினார். எனக்கு இது போதும் என்று பட்டது. பெரும்பாலோர் 'சரி, அதையே வையுங்கள்' என்றும் எழுதிவிட்டார்கள். அப்புறம் நேற்றிரவு இது வந்தது:

> நிலையாமை காலத்தைப் பற்றியது. வானிட்டாஸ் பயனின்மையைப் பற்றியது. டச்சு ஓவியர் ஸ்டீன்விக்கின் வானிட்டாஸ் படத்தில் வாளும் சங்கும் புத்தகங்களும் இருக்கின்றன. அவை அழியாமல் இருந்தாலும் வீண்தான் என்கிறார். வீண்மை ஓவியம் என்றே போடுங்கள்.

'வீண்மை' என் வாயில் ஒட்டவில்லை. ஆனால் வாதம் சரி. நிலையாமை என்று எழுதிவிட்டு அந்தப் புத்தகங்கள் அங்கே ஏன் என்று வகுப்பில் எப்படி விளக்குவேன்? இதற்கு யாரிடமாவது பதில் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள். அதுவரை சொல்லை மாற்ற முடியும்.