தையல் யூனிட்டிலிருந்து லிஸ்டட் கம்பெனி வரை: திருப்பூர் பனியன் தொழிலில் கரண்ட், உப்பு, கணக்கு

எனர்ஜி ஆடிட்டர்:
இருபது முப்பது மெஷின் வைத்து மற்றவர்களுக்குக் கூலிக்குத் தைக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாங்க, ஒவ்வொரு பகுதியும் எடுக்கிற கரண்டைத் தனியாக அளக்கிற சப்-மீட்டர் போதும். கம்ப்ரஸருக்கு ஒன்று, அயர்னிங் பாய்லருக்கு ஒன்று, மற்றதுக்கெல்லாம் ஒன்று. இன்றைக்கு மீட்டர் இல்லாவிட்டால், ஐந்து வருஷம் கழித்து பையர் பழைய கணக்கைக் கேட்கும்போது கொடுக்க எதுவும் இருக்காது.

முதலில் காற்றுக் கசிவைப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினையும் நிறுத்திவிட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட்டி, லோடு (காற்றை அழுத்தும் நேரம்) எத்தனை விநாடி, அன்லோடு (அழுத்தாமல் சும்மா ஓடும் நேரம்) எத்தனை விநாடி என்று ஐந்தாறு சுற்று குறிக்கணும். லோடு 30, அன்லோடு 70 வந்தால் கம்ப்ரஸர் தருகிற காற்றில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது. சோப்புத் தண்ணீர் தடவினால் இடம் தெரியும். பெரும்பாலும் குயிக் கப்ளிங்கும் ஹோஸ் கிளிப்பும்தான். பிரஷரை 7 பாரிலிருந்து 6-க்கு இறக்கினால் கம்ப்ரஸர் கரண்டில் ஆறேழு சதவீதம் குறையும்.

சுத்திகரிப்பு பிளாண்ட் பொறுப்பாளர்:
சாயப்பட்டறை சேர்ந்துவிட்டால் கதையே வேறு. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதும், 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதும் நொய்யல் கரை விவசாயிகள் பட்ட பாட்டின் தொடர்ச்சி. அதை மறந்துவிட்டு இந்தத் தொழிலைப் பேசக் கூடாது.

தண்ணீரைவிட, சாயம் துணியில் ஏறுவதற்காகப் போடுகிற உப்புதான் பெரிய பிரச்சினை. அது பிளாண்டில் குறையாது, சாய மெஷினில்தான் குறையும். 100 கிலோ துணியை 1:10 விகிதத்தில் (ஒரு கிலோ துணிக்குப் பத்து லிட்டர் தண்ணீர்) போட்டால் 1000 லிட்டர் தண்ணீர். டார்க் ஷேடுக்கு லிட்டருக்கு 60 கிராம் என்றால் 60 கிலோ உப்பு. அதே ஷேடை 1:6 சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் போட்டால் 36 கிலோ. ஒரு பாத்துக்கு (ஒரு தடவை சாயம் போடும் தண்ணீருக்கு) கழிவுநீரிலிருந்து 24 கிலோ உப்பைக் கொதிக்கவைத்து எடுக்கிற வேலை மிச்சம்.

அடுத்தது ஆர்.ஓ., அதாவது கழிவுநீரை மெம்ப்ரேன் என்கிற மெல்லிய சவ்வு வழியாக அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிப்பது. 100 கிலோலிட்டரில் 85 சதவீதம் நல்ல தண்ணீராக வந்தால் ரிஜெக்ட் (மிஞ்சும் உப்புத் தண்ணீர்) 15. அது 75 சதவீதமாக இறங்கினால் ரிஜெக்ட் 25. பார்க்கப் பத்து சதவீதம்தான், ஆனால் அதைக் கொதிக்கவைக்கிற எவாப்பரேட்டருக்குப் போகிற சுமை மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது, விறகும் ஸ்டீமும் அதே அளவு கூடும். காரணம் பெரும்பாலும் தண்ணீரின் கடினத்தன்மையை நீக்குகிற சாஃப்ட்னரைச் சரியாக ரீஜெனரேட் செய்யாமல் (புதுப்பிக்காமல்) அந்த ஹார்ட்னஸ் தாண்டி வருவது, இல்லையென்றால் பயாலஜிக்கல் டேங்கில் நுண்ணுயிர் செத்துக் கலர் அப்படியே மெம்ப்ரேனுக்குப் போவது. நல்ல தண்ணீரின் ஃப்ளோ 10 சதவீதம் குறைந்தவுடனே மெம்ப்ரேனைக் கழுவிவிடணும். 'இந்த வாரம் ஓடட்டும்' என்று தள்ளினால் படிந்தது கெட்டியாகி, பிறகு கழுவினாலும் வராது.

சாயப்பட்டறை மேலாளர்:
அண்ணே, கழுவும்போது ஆசிட் முதலிலா, காஸ்டிக் காரம் முதலிலா?

சுத்திகரிப்பு பிளாண்ட் பொறுப்பாளர்:
நம்ம தண்ணீருக்குக் காஸ்டிக்தான் முதலில், தம்பி. கலரும் கரிமக் கழிவும் படிந்திருக்கிற மெம்ப்ரேனில் ஆசிட்டை முதலில் விட்டால் படிவு இன்னும் இறுகிப்போகும். சுண்ணாம்பு மட்டும்தான் என்று உறுதியாகத் தெரிந்தால் ஆசிட்டில் ஆரம்பிக்கலாம்.

இன்னொன்று. பொது சுத்திகரிப்பு நிலையத்தில் சேர்ந்திருக்கிற பட்டறைகளில் சிலர் சாதா உப்பும் சிலர் சோடியம் சல்ஃபேட் உப்பும் போட்டால் கடைசியில் கலப்பு உப்புதான் மிஞ்சும். அதை யாரும் சாயத்துக்குத் திரும்ப எடுக்க மாட்டார்கள், மூட்டை மூட்டையாக ஷெட்டில் அடுக்க வேண்டியதுதான். எல்லோரும் சல்ஃபேட்டுக்கு மாறினால் ரிஜெக்டைக் குளிர்வித்தே உப்பைப் பிரிக்கலாம். 32 டிகிரிக்குக் கீழே போகப் போக அதன் கரைதிறன் மளமளவென்று இறங்கும்.

சாயப்பட்டறை மேலாளர்:
மீட்ட உப்பை வாங்குகிறவர்கள் ஹார்ட்னஸ் பார்க்காமல் பாத்தில் கொட்டாதீங்க. திட்டுத்திட்டாகச் சாயம் ஏறும், பழி சாயத்தின் மேல் விழும்.

தணிக்கையாளர்:
பங்குச்சந்தையில் பட்டியலான பிறகு வருவது பி.ஆர்.எஸ்.ஆர்., அதாவது நிறுவனத்தின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பு பற்றிய அறிக்கை. பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2021-ல் கொண்டுவந்தது, சந்தை மதிப்பில் முதல் 1000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயம். இங்கே திரும்பத் திரும்ப வருகிற பிழைகள் மூன்று. ஆர்.ஓ.வில் திரும்பி வந்த தண்ணீரையும் புதிதாக எடுத்த தண்ணீரோடு கூட்டிவிடுகிறார்கள். விறகு பாய்லருக்கு உமிழ்வு பூஜ்யம் என்று எழுதுகிறார்கள்; விறகின் கார்பன்-டை-ஆக்சைடைத் தனியாகக் காட்டணும், மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் ஸ்கோப் 1-ல்தான் (நிறுவனத்தின் சொந்த நேரடி உமிழ்வு) வரும். காற்றாலைக்குக் கிடைத்த ஆர்.இ.சி. (புதுப்பிக்கத்தக்க மின்சாரம்) சான்றிதழை விற்றுவிட்டு அதே கரண்ட் யூனிட்டைப் பசுமை மின்சாரம் என்றும் காட்டுகிறார்கள். விற்ற பிறகு அந்த உரிமை வாங்கியவருக்குத்தான்.

விற்றுமுதல் ரூபாய்க்கு எவ்வளவு என்று படிவத்தில் நிரப்பத்தான் வேண்டும். ஆனால் உள்ளுக்குள் ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை யூனிட் கரண்ட் என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். டாலர் ஏறினால் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சம் பிடிக்காமலே முதல் எண் அழகாகிவிடும். ஜாப் ஒர்க் பட்டறைகளின் டீசலும் விறகும் உங்கள் ஸ்கோப் 3, அதாவது உங்களுக்காக வெளியே நடக்கிற வேலையின் உமிழ்வு. மேலே எனர்ஜி ஆடிட்டர் சொன்ன சப்-மீட்டர் அங்கே இல்லையென்றால் பில்லை வைத்து உத்தேசமாகப் பிரிக்க வேண்டிவரும். அப்படிப் பிரித்ததை அறிக்கையில் 'மதிப்பீடு' என்றே எழுதுங்கள், அளந்தது என்று எழுதாதீர்கள்.