மிலானிலிருந்து திரானோ வரை: ஒரே ரயில் பாதையில் லொம்பார்டி

வட இத்தாலியின் லொம்பார்டிக்குச் செல்வோரில் பலர் மிலானில் தங்கி, ஒரு நாள் கோமோ நகரத்துக்குப் போய் ஏரியைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். அதைவிட, மிலான் மத்திய நிலையத்தில் திரானோ செல்லும் சாதாரண ரயிலில் ஏறி, வழியில் ஆங்காங்கே இறங்கிச் செல்வதே நல்லது என்பேன். நகரம், ஏரி, மலை மூன்றும் அந்தப் பாதையிலேயே வந்துவிடுகின்றன.

மிலானில் நான் அதிக நேரம் செலவிட்டது பேராலயத்தின் கூரையில்தான். 1386-இல் கட்டத் தொடங்கிய அந்த ஆலயத்தின் பளிங்கு, தூரத்தில் வெள்ளையாகத் தெரிந்தாலும், கைக்கெட்டும் தூரத்தில் இளஞ்சிவப்பும் சாம்பல் நிற ரேகைகளுமாக இருக்கிறது. மாஜோரே ஏரிக்கு அருகிலுள்ள கந்தோலியா கல்குவாரியில் வெட்டிய இக்கற்கள், ஏரியையும் திச்சினோ ஆற்றையும் கடந்து, நவில்யோ கிராந்தே கால்வாய் வழியாகப் படகிலேயே நகரத்துக்குள் வந்தன. இன்று அந்தக் கால்வாயின் கரைகளில் மாலையானால் மதுக்கோப்பையுடன் இளைஞர் கூட்டம் நிறைந்துவிடுகிறது. கல் வந்த வழி இதுதான் என்பதை அங்கே யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

லெக்கோ நகரத்தைத் தாண்டியதும் ரயில் கோமோ ஏரியின் கிழக்குக் கரையை ஒட்டியே ஓடுவதால், இடப்பக்க ஜன்னலோர இருக்கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். குகைப் பாதைகளுக்கு இடையிடையே தண்ணீர் பளிச்சிட்டு மறையும். மிலானிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் வரும் வரென்னாவில் இறங்கினேன். எதிர்க்கரையிலுள்ள பெல்லாஜோவுக்குச் செல்ல அங்கே படகுத்துறையில் காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், அரைகுறை ஆங்கிலமும் கையசைவுமாக ஏரியின் காற்றுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அதிகாலையில் வடக்கிலிருந்து வீசுவது திவானோ. நண்பகலுக்குப் பின் தெற்கிலிருந்து எழுவது பிரேவா. பிரேவா வந்தால் வானிலை நன்றாக இருக்கிறது என்று பொருளாம். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, அதுவரை அசையாதிருந்த நீர்ப்பரப்பு தெற்கேயிருந்து சுருக்கம் விழுந்தாற்போல் கலங்கி வந்தது.

அவர் சொல்லித்தான் மிசொல்தீனி என்ற உணவைத் தேடிச் சாப்பிட்டேன். ஏரியில் பிடிக்கும் அகோனே மீனை உப்பிட்டு, வெயிலில் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்து, பிரிஞ்சி இலையோடு அடுக்கி அழுத்தி வைக்கிறார்கள். பின்னர் தணலில் வாட்டி, வினிகர் தெளித்து, சோள மாவுக் களியான பொலெந்தாவுடன் பரிமாறுகிறார்கள். தட்டு மேசைக்கு வருமுன்பே வாசனை கருவாடு என்று சொல்லிவிட்டது. அடுத்த மேசையில் இருந்த வெளிநாட்டுப் பயணிகள் முகம் சுளித்தார்கள். நான் இரண்டாவது தட்டு கேட்டேன்.

சைவம் உண்போருக்கு, மேலும் கிழக்கே வால்தெல்லினா பள்ளத்தாக்கில் பித்சொக்கெரி கிடைக்கும். பக்வீட் என்னும் தானியத்தின் மாவில் செய்த பட்டை நூடுல்ஸை உருளைக்கிழங்கு, முட்டைக்கோசுடன் வேகவைத்து, பூண்டு தாளித்த வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் சேர்த்துத் தருவார்கள். வயிற்றை நன்றாக நிறைக்கும் உணவு. ஆனால் அப்பகுதியின் பாரம்பரியப் பாலாடைக்கட்டிகளில் பாலை உறையவைக்கக் கன்றின் இரைப்பைச் சாறு சேர்ப்பதுண்டு என்பதால், கடும் சைவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பள்ளத்தாக்கின் சரிவுகளில் கல் கட்டி அடுக்கடுக்காக எழுப்பிய திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தபடியே திரானோ வந்துவிடும். அங்கிருந்து பெர்னினா கணவாயை 2,253 மீட்டர் உயரத்தில் கடந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸுக்குச் சிவப்பு நிற மலை ரயில் புறப்படுகிறது. இத்தாலிக்காக வாங்கிய ஷெங்கன் விசாவே அதற்கும் போதும். அகல ஜன்னல் வைத்த சொகுசு ரயிலுக்கு முன்பதிவுக் கட்டணம் தனி. அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலிலோ ஜன்னலைத் திறந்து படமெடுக்க முடிவதால், நான் அதையே தேர்ந்தெடுத்தேன்.