வேக்ரன்ற்: வழிதவறியா, வம்பப்புள்ளா? (மடற்குழு உரையாடல்; எழுதுவோர் ஊர்ப்பெயரால்)

நல்லூர்: வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய கைந்நூலில் ஒரு சொல் இடிக்கிறது. கலிபோர்னியாப் பாலைவனத்தில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 70 மீற்றர் கீழே கிடக்கும் சால்ரன் உவரேரியின் கடற்காகங்கள் பற்றிய பகுதி. தன் எல்லைக்கு வெளியே எப்போதாவது தலைகாட்டும் பறவை வேக்ரன்ற் (vagrant). 'வழிதவறிப் பறவை' என்று போட்டிருக்கிறேன். பொருந்துமா?

பருத்தித்துறை: பொருந்தாது பிள்ளை. அது காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. புயல் தள்ளியும் வரும், திசை பிசகிய இளம்பறவையும் வரும். பெயர் வரவை மட்டும் சொன்னால் போதும். 'அருகிய' எண்டும் போடாதேங்கோ, அழிகிற இனத்துக்கு அது போய்விட்டது. அதோடு, அந்த ஏரியின் லாறஸ் லிவென்ஸ் என்ற கடற்காகம் வேக்ரன்றே இல்லை. கலிபோர்னியா வளைகுடாவில் குஞ்சு பொரித்து முடிய, கோடையில் ஆண்டுதோறும் வடக்கே ஏறி வருவது. செப்ரெம்பரில் ஆர்க்டிக்கிலிருந்து இறங்கும் செபைன் கடற்காகமும், சிலதான் தட்டுப்பட்டாலும், வலசைதான். பசிபிக் கரையோரத்து ஹீர்மன் கடற்காகம் நெவாடாவில் நின்றால், அது வேக்ரன்ற்.

சாவகச்சேரி: தொல்காப்பியத்தின் 'எந்நில மருங்கிற் பூவும் புள்ளும்' இதற்கென்றே செய்த நூற்பா. நிலத்தோடும் பொழுதோடும் வாராவிட்டாலும், வந்த நிலத்துக்கு உரியதாகவே கொள்ளச் சொல்கிறது. நெய்தற்புள் பாலைக்கு வந்தால் 'வம்பப்புள்' என்போம். 'வம்பு நிலையின்மை' என்பது அந்நூலின் உரியியல். குறுந்தொகையின் வம்ப மாரி, காலம் தப்பிய மழை. பாலை வழிப்போக்கர் வம்பலர். வம்புக்குப் புதுமை, மணம், கச்சு என்றும் பொருளுண்டு; அடுத்த மடலில் விரிக்கிறேன்.

பருத்தித்துறை: சேர், விரிக்க வேண்டாம். ஊரில் 'வம்பில பிறந்தது' எண்டால் முறைதவறிப் பிறந்த பிள்ளை எண்டு பெடியளுக்குத் தெரியும். பாடம் சிரிப்பிலேயே போயிடும்.

நெடுந்தீவு: இதைவிடப் பெரிய பிழை அட்டவணையில் கிடக்கு. லிவென்ஸும் 'மஞ்சட்கால்', ஐரோப்பாவின் லாறஸ் மிக்கஹெல்லிஸ் கடற்காகமும் 'மஞ்சட்கால்'. ஆங்கிலம் ஒன்றைப் பாதத்தாலும் மற்றதைக் காலாலும் பிரிக்கிறது. நாங்கள் இரண்டையும் கால் என்று விட்டுவிடுகிறோம். லிவென்ஸை 'மஞ்சட்பாதம்' ஆக்குங்கோ. 'தாள்' வேண்டாம், கடதாசியாகிவிடும். முதலாண்டுப் பறவைக்குக் கால் இளஞ்சிவப்பு என்றும் குறிப்பு வேணும், இல்லாவிட்டால் மேற்குக் கடற்காகம் என்று மயங்குவினம். லிவென்ஸ் மூன்றாம் ஆண்டிலேயே முதிர்நிறம் எடுக்கும், மேற்குக் கடற்காகத்துக்கு நாலாம் ஆண்டாகும்.

நல்லூர்: பாதம் மாற்றியாயிற்று, குறிப்பும் சேர்த்தாயிற்று. வேக்ரன்றுக்குப் பாடத்தில் 'தற்செயல் வரவு', சொற்பட்டியலில் அடைப்புக்குள் 'வம்பப்புள்'. வேறு மறுப்பு வராததால் அனுப்புகிறேன்.

சாவகச்சேரி: மறுப்பு உண்டு. 'தற்செயல்' என்றால் மட்டும் காரணம் சொன்னதாகாதோ?