புதுப்பிப்பு: ஸ்கார்பரோ (கனடா, டொரண்டோ) வீட்டுத் தோட்டம், மே முதல் வாரம்

மார்ச் நடுப்பகுதியில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தேன்: ஜன்னலோரக் கத்தரி, மிளகாய் நாற்றுகள் ஏன் நூல்போல் நீள்கின்றன, பனி உருகியதும் களிமண்ணைக் கொத்தலாமா என்று. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நாற்றுகளுக்கு வெளிச்சம்தான் குறை. எல்இடி குழல்விளக்கை நான்கு விரற்கடை உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணி நேரம் எரியவிட்டேன். இரண்டே வாரத்தில் புதிய இலைகள் நெருக்கமாக வந்தன.

மண் விஷயத்தில் பொறுத்திருக்கச் சொன்னது மிகச் சரி. ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்தேன். கொழுக்கட்டை மாவுபோல விரல் தடம் பதிய நின்றது. அந்த ஈரத்தில் கொத்தியிருந்தால், காய்ந்ததும் கட்டி கட்டியாக இறுகியிருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை எடுத்த பிடி, பெருவிரலால் அழுத்தியதும் உதிர்ந்தது. அம்மா உடனே மண்வெட்டியைக் கையிலெடுத்துவிட்டார். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் தோட்டம் செய்தவர். இந்தக் களிமண்மேல் அவருக்கு இன்னும் கோபம்தான். இலைமட்கை இரண்டு அங்குலம் பரப்பிக் கிளறினோம். வெங்காயமும் பட்டாணியும் அன்றே ஊன்றியாயிற்று. இந்தக் குளிரை அவை தாங்கும்.

கத்தரி, மிளகாய், பாகல் மட்டும் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறைக்குப் பிறகுதான். உறைபனி போனாலும், இரவு 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் கத்தரி வளராமல் அப்படியே நின்றுவிடும். அதற்குள் நாற்றுத் தட்டுகளை முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று வெளியே வைத்துப் பழக்க வேண்டும். முயலுக்கான வேலி மட்டும் பாக்கி. கம்பிவலை வாங்கிவிட்டேன், சனிக்கிழமை அடித்துவிடுவேன்.