மறுமொழி: 'ஜெனரல் எஃபெக்ட்' – ஒரு சொல் போதுமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

டிரம் கோர் என்ற அமெரிக்க அணிவகுப்பு இசைப் போட்டியின் சொற்களுக்கு நாம் தமிழ்ப் பட்டியல் போடுகிறோம்; அதில் 'ஜெனரல் எஃபெக்ட்' என்ற மதிப்பெண் தலைப்புக்கு என்ன சொல் என்று மூன்று நாளாக இந்த இழை ஓடுகிறது. வேலை நெருக்கடியில் என்னால் படிக்க மட்டுமே முடிந்தது. இன்று ஞாயிறு என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். மடல் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஜெனரல் என்றால் பொது, எஃபெக்ட் என்றால் விளைவு. 'பொது விளைவு' என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே. இதற்கு இத்தனை மடலா?

ஐயா, உங்கள் அவசரம் புரிகிறது. டிரம் கோர் பட்டியலில் இன்னும் எத்தனையோ சொற்கள் காத்திருக்கின்றன. ஆனால் டிரம் கோர் ரசிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சண்டை போடுவது இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான். இதில் தவறினால், நாம் எழுதப்போகும் கட்டுரையைப் படிக்கும் ஆளுக்கு அந்தச் சண்டையே விளங்காது.

முதலில் 'பொது'. நம் காதில் 'பொது' என்றால் எல்லாருக்கும் உரியது, அல்லது சிறப்புக்கு எதிரானது. பொதுத்தேர்வு, பொதுக்கூட்டம், பொது மருத்துவம். இங்கே ஜெனரல் என்பது அந்தப் பொருளில் வரவில்லை. பித்தளைக் கருவிகளுக்குத் தனி மதிப்பெண், தாளக்கருவிகளுக்குத் தனி, நடைக்கும் கொடிக்குழுவுக்கும் தனி. அப்படிப் பிரிக்காமல் நிகழ்ச்சியை முழுதாகப் பார்த்துப் போடும் மதிப்பெண் இது. அப்புறம் 'விளைவு'. மருந்துப் பெட்டியில் பக்கவிளைவு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, பன்னிரண்டு நிமிட இசை நிகழ்ச்சிக்கு 'பொது விளைவு' என்றால் ஏதோ காய்ச்சல் மாத்திரை போலத் தோன்றும்.

நேரில் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கோடைக் காலத்தில் நடப்பது இது. ஒவ்வொரு குழுவிலும் நூற்றைம்பது பேர் அளவில் இருப்பார்கள். வயது 22-க்கு மேல் கூடாது. பித்தளை ஊதுகருவிகள், முரசு வகைகள், கொடியும் மரத் துப்பாக்கியும் வாளும் சுழற்றும் கொடிக்குழு. புல்லாங்குழல், கிளாரினெட் கிடையாது. பகலெல்லாம் வெயிலில் ஒத்திகை, இரவு போட்டி, அப்புறம் பேருந்தில் அடுத்த ஊர், ஏதோ ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத் தரையில் தூக்கம். ஆகஸ்டில் இண்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் அரங்கில் இறுதிப்போட்டி. நடத்துவது டிரம் கோர் இன்டர்நேஷனல். முதல் போட்டி 1972-இல் விஸ்கான்சின் மாநிலம் வைட்வாட்டரில் நடந்தது. அனஹைம் கிங்ஸ்மென் என்ற குழு வென்றது.

மொத்தம் 100 மதிப்பெண். இசைக்கு 30, காட்சிக்கு 30. மீதி 40 இந்த ஜெனரல் எஃபெக்டுக்கு. ஒரு புள்ளியின் சிறு பின்னத்தில் கோப்பை கைமாறும் போட்டியில் நாற்பது மதிப்பெண் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2008-இல் ஃபாண்டம் ரெஜிமென்ட் என்ற குழு ப்ளூ டெவில்ஸ் என்ற குழுவை வென்றது 0.025 புள்ளியில்.

> 'ஒட்டுமொத்தத் தாக்கம்' எப்படி? பார்வையாளர்களின் ஆரவாரத்துக்கும் இதே சொல் பொருந்திவிடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அக்கா, 'தாக்கம்' நல்ல சொல். 'விளைவு' போல உயிரில்லாமல் கிடக்கவில்லை. அதை நான் இரு கையாலும் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டாவது மாங்காய் வேண்டாம். நடுவர் தாளில் எழுதுவதும் கூட்டம் எழுந்து கத்துவதும் ஒன்றில்லை. அந்த இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டுமா என்பதுதான் ரசிகர்களின் வழக்கே. வழக்கின் இரு தரப்புக்கும் ஒரே பெயர் வைத்தால் வழக்கை எப்படி எழுதுவது?

நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். டெக்சாஸுக்குக் குடிவந்த புதிதில், மகளின் பள்ளி இசைக்குழுப் பெற்றோர் சிலரோடு சான் அன்டோனியோவின் ஆலமோடோம் அரங்குக்குப் போட்டி பார்க்கப் போனேன். பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர். இளமையில் ஒரு குழுவில் பியூகிள் என்ற பித்தளை ஊதுகொம்பு ஊதியவராம். ஒலிபெருக்கி வழியாக கனத்த கீழ்ஸ்தாயி ஸ்வரம் வந்தபோதெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு குழு மெல்லப் பின்வாங்கி, நீண்ட ஒற்றை வரிசையாகத் திரும்பி, முழு ஊதுகருவிகளும் எங்களை நோக்கி ஒரே நேரத்தில் முழங்கியது. நான் எழுவதற்கு முன்பே அவர் எழுந்து நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது. கைதட்டி ஓய்ந்து உட்கார்ந்த அடுத்த நொடி, "மூன்றாவது இடம்தான் வரும்" என்றார். எந்தத் தயக்கமும் இல்லை. உடம்பு ஒன்று சொல்லியது, கணக்கு வேறொன்று சொல்லியது. அவருக்கு இரண்டும் உண்மை. இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்பது அந்த மாலையால்தான்.

வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற குழு பார்டோக், பார்பர் என்ற இசையமைப்பாளர்கள் இருவரின் இசையை எடுத்துக்கொண்டு இறுக்கமான, இருண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொடுத்தது. பழகிய மெட்டு இல்லை, கைதட்ட இடம் விட்ட நிறுத்தங்கள் இல்லை. கூட்டத்தில் ஒரு பகுதி எதிர்ப்புக் கூச்சலே போட்டது. நடுவர்களோ அதை இரண்டாம் இடத்தில் வைத்தார்கள். முதலிடத்துக்கு வெறும் 0.1 புள்ளி குறைவு. அந்தக் குழு அதோடு போட்டிக் களத்தை விட்டு மேடைப் பக்கம் போய்விட்டது. இன்று எந்த ரசிகரைக் கேட்டாலும் டிரம் கோரின் போக்கை மாற்றிய நிகழ்ச்சிகளில் அதையும் சேர்த்துத்தான் சொல்வார்.

2008 இதற்கு நேர்மாறு. ஃபாண்டம் ரெஜிமென்டின் ஸ்பார்ட்டகஸ் கதையில் அடிமைகள் "நான்தான் ஸ்பார்ட்டகஸ்" என்று ஒவ்வொருவராகக் கத்தும் இடம் வரும். களத்தில் இருந்தவர்கள் மட்டுமா கத்தினார்கள்? இருக்கைகளிலிருந்தும் குரல் எழுந்தது. பார்வையாளர்கள் நிகழ்ச்சிக்குள்ளேயே போய்விட்டார்கள். கோப்பையும் அந்தக் குழுவுக்கே போனது. கூட்டமும் நடுவரும் ஒரே பக்கம் நின்ற இரவு அது. 2014-இல் அப்படி நடக்கவில்லை. ப்ளூ டெவில்ஸ் 99.650 என்ற, அதுவரை யாரும் எடுக்காத மதிப்பெண்ணோடு வென்றது. ஆனால் அந்த ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் பலர் முதலில் சொல்வது இரண்டாம் இடத்தில் வந்த ப்ளூகோட்ஸின் அந்த வழுக்கும் ஸ்வரத்தை. முழுக் குழுவின் சுருதியும் ஒன்றாகச் சரிந்து இறங்கும். கேட்டவர்களுக்கு நின்ற தரையே சாய்ந்தது போலிருக்கும். மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஏன் இந்த வேறுபாடு? நடுவருக்குச் சொல்லித்தரப்படுவது மூன்று வகைத் தாக்கம்: அறிவுக்கு, உணர்வுக்கு, அழகுணர்ச்சிக்கு. நிகழ்ச்சி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, நிகழ்த்துபவர்கள் அதை எவ்வளவு தூரம் உயிர்ப்பிக்கிறார்கள் என்று இரண்டையும் பார்த்து அவர் எடைபோடுகிறார். கூட்டத்தின் கைதட்டல் அவர் காதில் விழும். ஆனால் அவர் எடைபோடுவது கைதட்டலை அல்ல. ரசிகர் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. அவருக்கு உணர்வுதான் முதலில். எனவே 'எங்களுக்கு எஃபெக்ட் ஆகாததற்கு எப்படி எஃபெக்ட் மதிப்பெண்?' என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான். எனக்கே பல வருடம் அந்தக் கேள்வி இருந்தது.

இதோடு இன்னொரு மனத்தாங்கலும் சேர்ந்துகொள்கிறது. 1983 வரை களத்தில் நடுவர் அட்டையோடு நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு பிழைக்கும் பத்தில் ஒரு புள்ளி கழிப்பார். கால் தவறினால் கழிவு, குச்சி பிசகினால் கழிவு. முறை கொடூரமானது; ஆனால் இருக்கையில் இருந்தவனும் பிழையைப் பார்த்தான், நடுவரும் பார்த்தார், கணக்கு ஒத்துப்போனது. அது போனபின் மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்பது கூட்டத்துக்குத் தெரியாமல் போனது. 2004-இல் ஒலிபெருக்கி, 2009-இல் மின்னணுக் கருவிகள், 2014-இல் டிராம்போன் உட்பட எல்லாப் பித்தளைக் கருவிகளும் அனுமதிக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் மூத்த ரசிகர்களில் சிலர் மனம் விட்டுப்போய் வருவதை நிறுத்தினார்கள். இளையவர்களோ அந்த மாற்றங்களால்தான் உள்ளே வந்தார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன்.

நடுவரின் மதிப்பெண்ணுக்கு 'முழுத்தாக்கம்'. அக்காவின் 'ஒட்டுமொத்தத் தாக்கம்' பொருளில் சரி. ஆனால் வாயில் 'த்தத் தா' என்று இடறுகிறது. மதிப்பெண் தாளின் தலைப்பாக வர வேண்டிய சொல் குறுகலாக இருந்தால் நல்லது. "முழுத்தாக்கத்தில் முந்தியது, தாளத்தில் பிந்தியது" என்று ஒரு வரியை எழுதிப் பாருங்கள். இயல்பாக ஓடுகிறது.

கூட்டத்தில் நிகழ்வதற்கு என் மனம் தொல்காப்பியத்துக்குப் போகிறது. மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு உணர்ச்சி வெளிப்பாடுகள். அதற்கு உரை எழுதும் 'பேராசிரியர்' என்ற பழைய உரையாசிரியர் நான்கு படிகளைப் பிரிக்கிறார். சுவைக்கப்படும் பொருள் ஒன்று. அதைப் பொறிகள் உணர்வது அடுத்தது. மனத்தில் எழும் குறிப்பு மூன்றாவது. கடைசியாகக் கண்ணீர், மயிர்சிலிர்ப்பு என்று உடம்பில் வெளியே தெரிவது. இந்த நான்காவதற்கு 'விறல்' என்ற பெயரும் உண்டு. என் கண்ணில் நடுவர் எடைபோடுவது முதல் படியை. அரங்கத்தில் அலை போல் எழுவது நான்காவது படி. ரசிகர்களிடமே பழைய வழக்கு ஒன்று உண்டு: ஒரு நிகழ்ச்சி அவ்வளவு உலுக்கிவிட்டால், மடியிலிருந்த குழந்தையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்பார்கள். உடம்பு தன் வசத்தில் இல்லை என்று சொல்ல அவர்களுக்குக் கிடைத்த வழி அது. எனவே என் பரிந்துரை 'விறல்'. கருத்துச் சொல்லுங்கள்.

சின்னச் சொற்கள் இரண்டு. வயது வரம்பை எட்டி வெளியேறுவதற்கு 'வயது நிறைவு' போதும். பணி நிறைவு போல எல்லாருக்கும் புரியும். கடைசி நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பிள்ளைகள் களத்திலேயே கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்தவர்களுக்கு 'வெளியேற்றம்' என்று எழுத மனம் வராது. பெயர்பெற்ற குழுவுக்கு நடுவர்கள் சீசன் தொடக்கத்திலேயே ஓர் இடத்தை ஒதுக்கிவிடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு 'துண்டு போடுதல்' என்பேன். பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை அறியாத தமிழர் உண்டா? குற்றச்சாட்டின் சூடும் அதில் இருக்கிறது.

அன்புடன்.

—

திங்கள் இரவு, மீண்டும் நான்.

> 'விறல்' அழகான சொல், தம்பி. ஆனால் என் மாணவர்களிடம் எழுதிக் காட்டினேன். பத்தில் எட்டுப் பேர் 'விரல்' என்று படித்தார்கள். மீதி இருவர் வீரம் என்று பொருள் சொன்னார்கள். உரையாசிரியர் பொருளை ஒருவரும் சொல்லவில்லை.

ஐயா, சோதித்துப் பார்த்ததற்கு மிக்க நன்றி. நான் வீட்டில் இருந்தபடி யோசித்தேன்; நீங்கள் பிள்ளைகளிடமே கேட்டுவிட்டீர்கள். அடிக்குறிப்பு இல்லாமல் நிற்காத சொல்லைப் பட்டியலில் ஏற்றிப் பயனில்லை. 'விறல்' வேண்டாம், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் பேராசிரியர் சொன்ன உடம்பின் குறியை விட மனமில்லை. 'அவைச்சிலிர்ப்பு' என்று வைக்கலாமா? சிலிர்ப்பு என்ன என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அக்கா 'அரங்கச் சிலிர்ப்பு' என்று தனிமடலில் எழுதியிருந்தார்கள். அரங்கம் என்றால் கட்டடமும் ஆகிவிடுகிறது. அவை என்றால் கூடியிருக்கும் மனிதர்கள் மட்டும். சிலிர்ப்பவர்கள் அவர்கள்தானே.

கட்டுரையில் வரப்போகும் ஒரு வரியில் இரண்டையும் வைத்துப் பார்த்தேன்:

"1993-இல் ஸ்டார் ஆஃப் இண்டியானா முழுத்தாக்கத்தில் உயர்ந்த மதிப்பெண் பெற்றது, அவைச்சிலிர்ப்பு அந்த அளவுக்கு இல்லை."

எனக்கு நன்றாக நிற்கிறது. 'துண்டு போடுதல்' கொச்சை என்று யாராவது நினைத்தால் அதற்கு மாற்றும் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கிறேன். அதற்குள் இன்னும் நல்ல சொல் வராவிட்டால் இவற்றையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். அடுத்து வாகன நிறுத்தத்தில் குழுக்கள் வாசித்துப் பழகுவதை ரசிகர்கள் சுற்றி நின்று பார்க்கும் வழக்கத்துக்குச் சொல் வேண்டும். பலர் அரங்கத்துக்குள் வருவதற்கு முன் அங்கேதான் மணிக்கணக்கில் நிற்கிறார்கள். அதற்குப் புது இழை தொடங்குகிறேன்.